கேலிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஏமாற்று: ஹென்றி ஜேம்ஸின் ‘வாஷிங்டன் ஸ்கொயர்’

காதலையும் ஏமாற்றையும் பேசும் நாவல்கள் பெரும்பாலும் ஏமாற்றுபவர் யார் என்பதை முடிந்தவரை மறைத்து வைத்துத்தான் வாசகரை இழுத்துச் செல்லும். 1880இல் வெளிவந்த, அமெரிக்க நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸின் ‘வாஷிங்டன் ஸ்கொயர்’ அந்த மறைப்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பணக்கார மருத்துவர் ஒருவரின் ஒரே மகளைக் காதலிப்பதாகச் சொல்லிக்கொண்டு வரும் மாரிஸ் டவுன்சென்ட், அவளுடைய பணத்தைக் குறிவைத்தே வருகிறான் என்பதைக் கொஞ்சம் கூர்ந்து படிப்பவர் தொடக்க அத்தியாயங்களிலேயே உணர்ந்துவிடுவார். அவளுடைய தந்தையோ முதல் சந்திப்புகளிலேயே கண்டுகொள்கிறார். அப்படியிருந்தும் 35 அத்தியாயங்களையும் இந்த நாவல் தளர்வின்றி நகர்த்திச் செல்வதற்குக் காரணம், இதில் உள்ள பெரிய ஏமாற்று கதையைச் சொல்லும் குரலுக்குள் இருப்பதுதான் என்பது என் கருத்து. அந்தக் குரலின் சாதுரியத்தில் மயங்கி நாமும் அந்த மகளை, கேத்தரின் ஸ்லோப்பரை, மட்டமாக எடைபோட்டு விடுகிறோம். பாதி நாவலுக்கு மேல் அந்தக் குரலே மெல்ல இடம் மாறும்போதுதான், யாருடைய கண்களால் இதுவரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது உறைக்கிறது. கதையின் முடிவுவரை இங்கே பேசவிருக்கிறேன் என்பதால், முடிவு தெரியாமல் படிக்க விரும்புவோர் நாவலைப் படித்துவிட்டு இதற்கு வரலாம்.

கதை மிக எளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நியூயார்க்கில் பெயரும் செல்வாக்கும் பெற்ற மருத்துவர் ஆஸ்டின் ஸ்லோப்பர். அவருடைய முதல் குழந்தையான மகன் மூன்று வயதில் இறந்துபோகிறான்; மகள் பிறந்த ஒரு வாரத்துக்குள் மனைவியும் இறந்துபோகிறார். ஊராரையெல்லாம் பிழைக்கவைத்த மருத்துவரால் தன் வீட்டில் இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. மிஞ்சிய மகளுக்குத் தாயின் பெயரையே வைக்கிறார்கள். ஆனால் தாயின் அழகும் அறிவும் அவளிடம் இல்லை என்று தந்தை முடிவு கட்டிவிடுகிறார். தாய்வழியில் அவளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் வருமானம் உண்டு. தந்தையின் சொத்தும் சேர்ந்தால் அது முப்பதாயிரமாகும். இருபது வயதைக் கடந்த அவளிடம் ஒரு விருந்தில் வந்து பேசுகிறான் மாரிஸ். தன்னிடம் இருந்த சிறு சொத்தை ஊர் சுற்றித் தீர்த்துவிட்டு, விதவைத் தமக்கையின் வீட்டில் தங்கியிருக்கும் அழகன் அவன். தந்தை மறுக்கிறார், அத்தை தூது போகிறார், மகள் காத்திருக்கிறாள். கதை என்று சொன்னால் இவ்வளவுதான். நடிகை ஃபேனி கெம்பிள் தன் சகோதரனைப் பற்றிச் சொன்ன உண்மை நிகழ்ச்சி ஒன்றை 1879இல் ஜேம்ஸ் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். இங்கிலாந்தில் நடந்த அதைத் தான் பிறந்த நியூயார்க்குக்குக் கொண்டுவந்து இந்த நாவலாக்கினார்.

முதல் அத்தியாயங்களில் கதைசொல்லி பேசும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். நிதானமும் நாகரிகமும் மெல்லிய எள்ளலும் கலந்த அந்த நடை, மருத்துவர் பேசும் நடைதான். கேத்தரின் சிறுமியாக இருந்தபோது அவளைக் கெட்டிக்காரப் பெண்ணாக ஆக்கும்படி தங்கை லவினியா பென்னிமனிடம் மருத்துவர் சொல்கிறார். நல்லவளாக இருப்பதைவிடக் கெட்டிக்காரியாக இருப்பது மேலா என்று தங்கை கேட்க, கெட்டிக்காரத்தனம் இல்லாவிட்டால் நல்லதனம் எதற்கு உதவும் என்று அவர் திருப்பிக் கேட்கிறார். படிக்கும் நமக்கு அவருடைய பதிலின் கூர்மை பிடித்துப் போகிறது. கதைசொல்லியும் தன் பங்குக்கு, கேத்தரின் சிறுவயதில் சரக்கறையிலிருந்து உலர்திராட்சையைத் திருடித் தின்றதாகத் தனக்குத் தெரியவில்லை என்றும், ஆனால் கைச்செலவுக் காசையெல்லாம் கிரீம் கேக் வாங்கவே செலவிட்டாள் என்றும் சொல்லிப் புன்னகைக்கிறார். அவள் மந்தமானவள், கொஞ்சம் தீனிப் பிரியை, கண்ணைக் கவராதவள் என்ற எண்ணம் நம் மனத்தில் ஊன்றிவிடுகிறது. அதே பத்திகளின் நடுவே, அவள் அன்பானவள், பணிவானவள், உண்மை பேசுவதையே வழக்கமாகக் கொண்டவள் என்ற செய்தியும் போகிற போக்கில் வந்துவிடுகிறது. சிரித்துக்கொண்டே படிப்பதால் அந்த ஒன்றை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். நாவலின் முழுப் பாரமும் பின்னால் அதன் மீதுதான் ஏறப்போகிறது. இவ்வளவு நுட்பமாக விதைத்த முன்குறிப்பை நான் அதிகம் கண்டதில்லை.

இந்த உத்தி எப்படி இயங்குகிறது என்பதைச் சிவப்பு உடை வரும் பகுதியில் மிக அருகிலிருந்து பார்க்கலாம். பல ஆண்டுகளாக மனத்துக்குள் ஆசைப்பட்டு வந்த, தங்க நிறக் கரை வைத்த சிவப்புப் பட்டு உடையை வாங்கி உடுத்திக்கொண்டு கேத்தரின் விருந்துக்குப் போகிறாள். தன் குழந்தை அழகில்லாதவளாக இருப்பதோடு அளவுமீறி அலங்கரித்துக்கொள்பவளாகவும் இருக்கிறாளே என்பது மருத்துவருக்கு வருத்தம். இவ்வளவு ஆடம்பரமான பெருமாட்டி என் மகள்தானா, ஆண்டுக்கு எண்பதாயிரம் டாலர் வருமானம் உள்ளவள்போல் அல்லவா இருக்கிறாய் என்று அவளிடம் சொல்கிறார். தந்தை அவளிடம் எள்ளல் கலக்காமல் பேசியதே கிடையாது. இந்த இடத்தில் ஜேம்ஸ் ஓர் உருவகத்தைக் கையாள்கிறார்: தந்தை தரும் அந்தப் பேச்சுத் துணியிலிருந்து தனக்கு வேண்டிய மகிழ்ச்சியைக் கேத்தரின் தானே வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது, வெட்டியபின் மிஞ்சும் மெல்லிய எள்ளல் துண்டுகளை என்ன செய்வதென்று அவளுக்கு ஒருபோதும் தெரியவில்லை. தன் பயன்பாட்டுக்கு அவை மிக நேர்த்தியானவை என்று அவள் நினைக்கிறாள். முதன்முறை படிக்கும்போது இது ஒரு மந்தமான பெண்ணைப் பற்றிய அழகிய கேலியாகவே தோன்றும். மீண்டும் படித்தால், தந்தையின் சொல்லில் அன்பு எங்கே இருக்கிறது என்று நாள்தோறும் தேடித் தேடிக் கத்தரித்து எடுக்கும் ஒரு மகளின் உழைப்பு தெரியும். துணியும் தையலும் நாவலின் கடைசி வரிவரை கூடவே வருகின்றன என்பதால், இந்த உருவகத்தை அலங்காரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

அந்த விருந்து முடிந்து வீடு திரும்பும் இரவில் இன்னொன்றும் நடக்கிறது. மகிழ்ச்சியாக இருந்தாயா என்று தந்தை கேட்க, களைப்பாக இருக்கிறது என்கிறாள் கேத்தரின். உண்மை பேசிப் பழகியவள் சுற்றிவளைத்துப் பதில் சொல்கிறாள். பாசாங்கு ஒன்று தொடங்கும் நாள் குறித்து வைக்கத்தக்க நாள்தான் என்று கதைசொல்லி அங்கே ஒரு குறிப்புப் போடுகிறார். காதல் வந்த அன்றே மறைத்தலும் வந்துவிடுகிறது. ஆனால் இந்த நாவலில் மற்றவர்கள் செய்யும் மறைத்தலோடு ஒப்பிட்டால் அவளுடையது எவ்வளவு சிறியது என்பதைப் போகப் போகப் பார்க்கிறோம்.

மருத்துவரின் பாத்திரப்படைப்பு இந்த நாவலின் மிகப் பெரிய வெற்றி. அவர் சொல்வது சரி என்பதுதான் இங்கே சிக்கல். மனிதர்களை எடைபோடுவதே தன் வாழ்நாள் வேலையாக இருந்திருக்கிறது என்றும், இருபதில் பத்தொன்பது முறை தன் கணிப்பு தவறுவதில்லை என்றும் அவர் சொல்கிறார். மாரிஸ் விஷயத்தில் அது தவறவும் இல்லை. அவனுடைய தமக்கை திருமதி மாண்ட்கமரியின் வீட்டுக்குப் போய், நோயாளியின் உடலைத் தட்டிப் பார்ப்பதுபோல் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார். தம்பியை விட்டுக்கொடுக்காமல் இருக்க எவ்வளவோ முயன்ற அந்தப் பெண், கடைசியில் கண்ணீரோடு, அவளை அவனுக்குக் கட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிடுகிறார். ஐந்து குழந்தைகளை வைத்துக்கொண்டு தடுமாறும் ஒரு விதவையின் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கியதில் மருத்துவருக்கு மனநிறைவு. தன் முடிவை மாற்றிக்கொள்ள மாட்டாரா என்று மற்றொரு தங்கையான திருமதி ஆல்மண்ட் கேட்கும்போது, வடிவியல் தேற்றம் இரக்கப்பட்டு மாறுமா என்று கேட்கிறார். இருபதாவது ஆள் தன் வீட்டிலேயே, தன் எதிரிலேயே அமர்ந்திருக்கிறாள் என்பது மட்டும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

எந்தக் கட்டத்தில் கதைசொல்லி மருத்துவரைவிட்டு விலகுகிறார் என்று குறிப்பிட்டுச் சொல்வது கடினம். நூலகத்தில் நடக்கும் உரையாடல் ஒரு திருப்பம் என்று நினைக்கிறேன். தந்தையின் ஒப்புதலுக்காகக் காத்திருப்பேன் என்று சொல்ல வந்த மகளிடம், அப்படியானால் என் சாவுக்காகக் காத்திருக்கிறாய் என்று பொருள் என்கிறார் அவர். அவள் அதிர்ந்து போகிறாள். அந்தத் தர்க்கத்தை மறுக்கத் தெரியாமல் அழுகிறாள். அவளை வெளியே அனுப்பிவிட்டுத் தனியே நிற்கும் தந்தை, இவள் பிடித்த பிடியை விடமாட்டாள் போலிருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அந்தச் சொல்லில் வருத்தத்தைவிட, இனி ஒரு நல்ல வேடிக்கை காணக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே தூக்கலாக இருக்கிறது. மருத்துவரின் நகைச்சுவைக்கு அதுவரை உடன் சிரித்துக்கொண்டிருந்த வாசகர் இந்த இடத்தில் சிரிக்க முடியாமல் நின்றுவிடுவார்.

பிறகு ஐரோப்பியப் பயணம். மகளின் மனத்தை மாற்றுவதற்காக மருத்துவர் அவளை அழைத்துச் செல்கிறார். ஆல்ப்ஸ் மலையில், ஆளரவமற்ற பள்ளத்தாக்கு ஒன்றில், பொழுது சாயும் நேரத்தில், நீ அவனை விட்டுவிட்டாயா என்று திடீரென்று கேட்கிறார். வெளியே பார்க்க மென்மையானவனாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் நான் கடுமையானவன் என்று எச்சரிக்கிறார். பேர்பெற்ற மருத்துவரின் அந்த நேர்த்தியான கை தன் கழுத்தைப் பற்றிவிடுமோ என்ற எண்ணம் ஒரு கணம் கேத்தரினுக்குத் தோன்றி மறைகிறது. வரவேற்பறைகளிலும் தேநீர் மேசைகளிலும் நகர்ந்துவந்த நாவலுக்குள் இந்தக் காட்சி வந்து விழுவது தற்செயல் அல்ல. நகரத்து நாகரிகத்தால் போர்த்தி வைத்திருந்த வன்மத்தை வெட்டவெளியில் வைத்துக் காட்டுவதற்கு ஜேம்ஸ் தேர்ந்தெடுத்த இடம் அது. பயணம் முடிந்து லிவர்பூலில் கப்பலேறுவதற்கு முந்தைய இரவில் மருத்துவர் மகளிடம் சொல்லும் சொல் இன்னும் கொடியது: உலகம் சுற்றிப் பார்த்ததால் உன் மதிப்பு கூடியிருக்கிறது, அவன் அறுப்பதற்கு முன்னால் ஆட்டை நாம் கொழுக்க வைத்துக் கொடுத்திருக்கிறோம். கேத்தரின் பதில் பேசாமல் திரும்பி மூடிய கதவைப் பார்த்து நிற்கிறாள். இந்த வரியைப் படித்தபின் மருத்துவரின் எந்தச் சாதுரியமும் எனக்கு இனிக்கவில்லை. அவர் காதலனைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த உண்மையை அவர் மகளைக் காப்பதற்காகப் பயன்படுத்தவில்லை, அவளை வெல்வதற்காகப் பயன்படுத்தினார்.

அத்தை பென்னிமன் வேறு வகை. அவருக்கு இந்தக் காதல் ஒரு கதைப்புத்தகம். இரகசியத் திருமணம், இருட்டில் சந்திப்பு, மனம் உருகும் கடிதம் ஆகிய எல்லாம் வேண்டும். மாரிஸை இரகசியமாகச் சந்திப்பதற்கு அவர் தேர்ந்தெடுக்கும் இடம் ஏழாவது அவென்யூவில் சிப்பி உணவு விற்கும் ஒரு சிறு கடை. முக்காடிட்டுக்கொண்டு அங்கே போய்க் காத்திருக்கும் அவரைப் பார்த்து மாரிஸுக்கே எரிச்சல் வருகிறது. காதல் நாவலுக்குள்ளேயே காதல் நாவலின் வாய்பாடுகளைக் கேள்விக்கு உள்ளாக்கும் பாத்திரமாக ஜேம்ஸ் அவரைப் படைத்திருக்கிறார் என்பது புரிகிறது. ஆயினும் இந்தப் பகுதிகள் தேவைக்கு மேல் நீள்கின்றன. மூன்றாவது, நான்காவது முறை அதே அசட்டுத்தனம் திரும்ப வரும்போது அலுப்புத் தட்டுகிறது. நாவலில் எனக்குள்ள உண்மையான குறை இதுதான்.

ஐரோப்பாவிலிருந்து திரும்பிய கேத்தரின், தந்தைக்குத் தன்மீது அன்பில்லை என்பதைத் தான் உணர்ந்துவிட்டதாக மாரிஸிடம் சொல்கிறாள். அவருடைய பணம் வராது, தாய்வழிப் பணம் போதும், திருமணம் செய்துகொள்வோம் என்கிறாள். பத்தாயிரம் டாலர் அவனுக்குப் போதவில்லை. பருத்தி வாங்க நியூ ஆர்லியன்ஸ் போகவேண்டும், ஆறாயிரம் டாலர் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு அவன் நழுவும் உரையாடல் இந்த நாவலின் உச்சம். அவன் ஒரு சண்டையைத் தேடுகிறான். சண்டை வந்தால் அதைக் காரணமாக்கிப் போய்விடலாம். அவளோ சண்டைக்கு இடமே கொடுக்காமல், அங்கே மஞ்சள் காய்ச்சல் இருக்கிறதே என்று கவலைப்படுகிறாள், நானும் வருகிறேன் என்கிறாள். ஒவ்வொரு பதிலிலும் அவனுடைய பொய்க்கான வழி ஒன்று அடைபடுகிறது. அவள் புத்திசாலித்தனமாக எதையும் செய்யவில்லை. சொல்வதை அப்படியே பொருள்கொள்கிறாள், அவ்வளவுதான். அதனாலேயே பொய்யன் திணறுகிறான். உண்மை பேசும் வழக்கம் என்று முதல் அத்தியாயங்களில் நாம் தாண்டிவந்த அந்த ஒன்று இங்கே எவ்வளவு வலிமையோடு எழுந்து நிற்கிறது என்பதைப் படித்துத்தான் உணரவேண்டும். இதற்குப் பிறகு வரும் அவளுடைய துயரத்தை ஜேம்ஸ் ஏறக்குறைய மூடிய கதவுக்குப் பின்னாலேயே வைத்துவிடுகிறார். தந்தை முன்னிலையில் அவள் வழக்கம்போலச் சாப்பிடுகிறாள், பேசுகிறாள். தன் வெற்றியைக் கண்ணால் காணும் வாய்ப்பை அவருக்குக் கொடுப்பதில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிந்தைய அத்தியாயம் ஒன்றில், கேத்தரினின் வாழ்க்கையில் மாறாத உண்மைகள் இரண்டு என்று கதைசொல்லி குறிப்பிடுகிறார்: மாரிஸ் அவளுடைய அன்போடு விளையாடினான், தந்தை அந்த அன்பின் விசையையே முறித்தார். அவளுடைய பெயரையும் வயதையும் முகத்தையும் போல அவை எப்போதும் அங்கேயே இருக்கும். காதலனும் தந்தையும் ஒரே வாக்கியத்தில், ஒரே தட்டில் வைக்கப்படும் இந்த இடத்தில் எள்ளலின் சாயல்கூட இல்லை. கதைசொல்லி முற்றிலும் அவள் பக்கம் வந்துவிட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தந்தையின் கடைசி முயற்சி, தன் மரணத்துக்குப் பிறகு மாரிஸை மணக்கமாட்டேன் என்று அவளிடம் வாக்குறுதி வாங்குவது. அவனை மணக்கும் எண்ணமே அவளுக்கு இல்லை. ஆனாலும் வாக்குறுதி தர மறுக்கிறாள். மருத்துவர் உயிலை மாற்றி, முதலில் எழுதி வைத்திருந்ததில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் அவளுக்கு விட்டுப் போகிறார். உயிலைக் கேட்டபின் அவள் சொல்வது, எனக்கு இது பிடித்திருக்கிறது, கொஞ்சம் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கலாம் என்று மட்டும் விரும்புகிறேன் என்பதுதான். பணம் குறைந்ததில் அவளுக்கு மனக்குறை இல்லை. சாகும்போதும் தந்தை கையாண்ட சொற்களில்தான் குறை. வாழ்நாள் முழுவதும் அவருடைய பேச்சிலிருந்து துண்டு வெட்டிக்கொண்டிருந்த மகள், முதன்முறையாக அந்த நடையைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்கிறாள். தமிழ்த் திறனாய்வில் குறிப்புப் பொருள் என்று நாம் பேசுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை அயல்மொழி நாவலில் காண்பது அரிது.

இறுதியில், நடுவயதை அடைந்துவிட்ட மாரிஸ் தாடியோடும் சதைபோட்ட உடம்போடும் ஒரு கோடை இரவில் திரும்பி வருகிறான். அத்தைதான் வரவழைத்திருக்கிறார். கேத்தரின் கோபப்படுவதில்லை, பழிதீர்ப்பதும் இல்லை. எல்லாம் முடிந்துபோனது, மீண்டும் தொடங்க முடியாது என்று மரியாதையோடு சொல்லி அனுப்பிவிட்டுத் தன் பூத்தையல் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு அமர்கிறாள். 1947இல் இந்த நாவலை நாடகமாக்கிய ரூத் கோட்ஸும் அகஸ்டஸ் கோட்ஸும், அதையொட்டி 1949இல் ‘தி ஏரஸ்’ என்ற படத்தை எடுத்த வில்லியம் வைலரும் இந்த முடிவை ஏற்றுக்கொள்ளவில்லை. படத்தில் கேத்தரின் அவனுக்கு நம்பிக்கை கொடுத்து வரவழைத்து, கதவைத் தாழிடச் செய்துவிட்டு, அவன் தட்டத் தட்ட விளக்கோடு மாடிப்படி ஏறிப் போகிறாள். ஒலிவியா டி ஹாவிலண்டுக்கு ஆஸ்கர் விருது வாங்கிக் கொடுத்த படம். அந்தக் காட்சியின் தாக்கத்தையும் மறுக்க முடியாது. ஆனால் தன்னை ஏமாற்றியவர்களின் கலையை அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அந்த முடிவு சொல்கிறது. நாவலின் கேத்தரின் அதைக் கற்றுக்கொள்ள மறுக்கிறாள். எனக்கு நாவலின் முடிவே கூடுதல் துணிச்சலானதாகப் படுகிறது.

இந்த நாவலை ஜேம்ஸ் பின்னாளில் தானே தேர்ந்தெடுத்துத் திருத்திய தன் படைப்புகளின் தொகுப்பான நியூயார்க் பதிப்பில் சேர்க்காமல் விட்டுவிட்டார். அந்தப் பதிப்பில் இடம்பெற்ற பெரிய நாவல்கள் சிலவற்றைவிட இது மேலானது என்றே நான் சொல்வேன். அவருடைய பிற்கால நடையில் வாக்கியங்களுக்குள் வழி தவறிப்போய் அவரைக் கைவிட்டவர்கள் தயக்கமின்றி இதை எடுக்கலாம். ஆங்கில மூலம் பதிப்புரிமை நீங்கியது என்பதால் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சுப் பதிப்பை வாங்குபவர்கள் முன்னுரையை நாவலுக்குப் பின் படிப்பது நல்லது, ஏனென்றால் அத்தகைய முன்னுரைகள் மருத்துவரின் குணத்தை முதலிலேயே சொல்லிவிடக்கூடும். அவரை ரசித்துக்கொண்டே கொஞ்ச தூரம் கூடச் செல்லாதவர்களுக்கு லிவர்பூல் இரவு முழுதாகப் போய்ச் சேராது.